பழவேற்காட்டுப் பயணத்தில் ஓர் இரவு

பழவேற்காட்டில் ஓர் இரவாவது தங்கிவர வேண்டும் என்பது எங்கள் அத்தையின் நெடுநாளைய ஆவல். அவருடைய தந்தையார் அவ்வூரில் ஆசிரியராக இருந்தவர். மகிமை மாதா ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்று, ஒன்பது வயது வரை ஏரிக்கரையிலேயே ஓடியாடி வளர்ந்த அத்தை, அதன்பின் அவ்வூருக்குச் சென்றதெல்லாம் பங்கு மக்களோடு பேருந்தில் போய்வரும் ஒருநாள் யாத்திரையாகவே அமைந்துவிட்டது. காலை பத்து மணிக்கு இறங்குவது, திருப்பலி காண்பது, பொட்டலச் சோற்றை அவிழ்ப்பது, ஐந்து மணிக்கு மீண்டும் பேருந்தில் ஏறுவது, இவ்வளவுதான்.

"விடியற்காலை மணியோசை கேட்டுக் கண்விழிக்க வேண்டும். வலைகாரர்கள் கரைக்குத் திரும்புவதைப் பார்க்க வேண்டும். பகலில் பார்த்துவிட்டு ஓடிவருவது பார்த்ததாகுமா?" என்பார். எழுபத்தெட்டு வயது நிரம்பிய பின்னர், இந்தக் கேள்வியைச் சற்று அடிக்கடியே கேட்கலானார். ஆகவே சென்ற தை மாதத்தில் நாங்கள் கணவன், மனைவி, மகள் மூவரும் அத்தையை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

தங்குவதற்குத் தகுந்த ஊர்தானா என்று கேட்பவர்களுக்கு அதன் பழம்பெருமையைச் சிறிது சொல்ல வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரிக்கு வடகிழக்கே, கடலும் ஏரியும் கைகோத்து நிற்கும் இடத்தில் அமைந்துள்ளது பழவேற்காடு. 1502 இல் போர்த்துகீசியர் இங்கே வணிகத்திற்காக வந்திறங்கினர். 1515 இல் அவர்கள் எழுப்பியதே மகிமை மாதாவின் முதற்கோயில் என்று திருத்தல வரலாறு கூறுகிறது. நூறாண்டு கழித்து டச்சுக்காரர் வந்தனர். விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் இசைவு பெற்று 1610 இல் பண்டகசாலை அமைத்தனர். போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழித்ததும், 1613 இல் கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடம் 1690 வரை இதுவே. அக்காலத்தில் சென்னப்பட்டினம் என்ற பேச்சே எழவில்லை. அது 1639 இல் தோன்றியது. அதற்கு முன்பு, 1621 இல், ஆங்கிலேயரும் பழவேற்காட்டில் டச்சுக்காரரோடு ஒட்டுக்குடித்தனம் நடத்திப் பார்த்தனர். காவற்படைச் செலவில் பங்கு கொடு என்று வீட்டுக்காரர் நெருக்க, குடித்தனக்காரர் சில ஆண்டுகளில் மூட்டை கட்டினார். ஆங்கிலேயருக்கே தங்கும் வசதி சரிப்படாத ஊர் என்று நாங்கள் பின்னர் சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில், பெரு நாட்டில், குஸ்கோ என்றொரு நகரம் உண்டு. இன்கா பேரரசின் தலைநகராயிருந்து 1533 இல் ஸ்பானியர் வசமானது. இன்கா மக்கள் சாந்தின்றி அடுக்கிய கருங்கற் சுவர்களின்மேல் ஸ்பானியர் தம் வீடுகளையும் மடங்களையும் எழுப்பினர். அந்தப் பழைய முற்றத்து வீடுகளில் பல இன்று எளிய கட்டண விடுதிகள். அங்கே சென்றுவந்த எங்கள் உறவினர் ஒருவர், கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் மூச்சுத் திணறியதையும், விடுதிக்காரர் கோக்கா இலைத் தேநீர் கொடுத்துத் தேற்றியதையும், தலைமாட்டில் ஐந்நூறு ஆண்டுச் சுவர் இருந்ததையும் ஓயாமல் சொல்வார். கையிற் காசு குறைந்த வழிப்போக்கனும் அங்கே வரலாற்றின் மடியிலேயே படுத்துறங்கலாமாம். பழவேற்காட்டிலும் அவ்வாறு ஏதேனும் அகப்படும் என்று நாங்கள் எண்ணியதில் பிழையென்ன?

அகப்படவில்லை. தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் கைப்பேசியில் விசாரித்தும், முதியவரோடு ஒரு குடும்பம் தங்குதற்கேற்ற அறை ஒன்றும் எங்கள் கைக்கு எட்டவில்லை. "பொன்னேரியில் தங்கிக்கொள்ளுங்கள், முதல் பேருந்தைப் பிடித்தால் விடிவதற்குள் போய்விடலாம்" என்றார்கள். சரி என்று சென்ட்ரலில் புறநகர் ரயிலேறி மாலை மங்கும் வேளையில் பொன்னேரியில் இறங்கினோம். தை மாத முகூர்த்த நாள் என்பதை மறந்தது எங்கள் குற்றம். கண்ட விடுதிகளிலெல்லாம் கலியாண வீட்டார். பட்டுச் சேலைகளும் பூச்சரங்களும் படிக்கட்டு வரை வழிந்தன. மூன்றாவது விடுதியில் இருந்தவர் அத்தையைப் பார்த்து இரங்கி, "இரண்டு ஸ்டேஷன் தள்ளி கும்மிடிப்பூண்டி போய்ப் பாருங்க சார். கம்பெனி ஊரு, லாட்ஜுக்குப் பஞ்சமில்லை" என்றார். ஏரிக்கு அருகே போக வந்தவர்கள் ஏரியை விட்டு விலகிப் போகலானோம்.

கவரைப்பேட்டையைத் தாண்டியதும் வானத்தின் நிறமே வேறாகிவிட்டது. சிப்காட் தொழிற்பேட்டையின் விளக்குகள் அடிவானத்தில் மஞ்சளாய்ப் படர்ந்திருந்தன. காற்றில் காய்ச்சிய இரும்பின் நெடி. ரயிலில் எங்களோடு இறங்கியவர்களில் பெரும்பாலோர் தோளில் பையும் கையில் சோற்றுப் பாத்திரமும் தாங்கிய இளைஞர்கள். கடைத்தெருவில் இட்லிக் கடைக்கு அருகே சப்பாத்திக் கடை. தமிழ்ப் பலகைக்குக் கீழே இந்தி எழுத்து. ஒரு கடையில் ஒரியா எழுத்தும் கண்டோம். இதே ஊரில்தான் 1990 முதல் ஈழத்துத் தமிழரின் முகாமும் இருந்துவருகிறது. வந்தேறி வாழ்வோரை இவ்வளவு நெருக்கமாகக் கொண்ட ஊர் வேறெங்கும் எங்கள் கண்ணில் பட்டதில்லை.

விடுதியின் பெயர் வேண்டாம். நெடுஞ்சாலைக்குச் செல்லும் வழியில், கீழே இரும்புச் சாமான் கடையும் மேலே இரண்டு மாடியும் உடையது. நாளொன்றுக்கு 800 ரூபாய், முன்பணம் 500, ஆதார் நகல், வருகைப் பதிவேட்டில் கையொப்பம் என்று எல்லாம் முறைப்படி நடந்தன. அறைதான் இரண்டாம் மாடியில். மின்தூக்கி கிடையாது. அத்தையின் முழங்கால் ஒரு படிக்கட்டுக்கே முணுமுணுப்பது.

இவ்விடத்தில் எங்கள் மனநிலையையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். தரைத்தள அறைகளின் வாயிலில் நீலச் சட்டை இளைஞர்கள் கூட்டமாய் நின்று உரத்த குரலில் வேற்று மொழி பேசிக்கொண்டிருந்தனர். மகளைக் கையைப் பற்றி இழுத்து எங்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டோம். மேலாளரிடம் தாழ்ந்த குரலில், "குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனியாக ஏதும் இல்லையா?" என்று கேட்டோம். அவர் எங்கள் கேள்வியைப் புரிந்துகொண்டு, "அதனாலதான் சார் ரெண்டாவது மாடி கொடுத்தேன். கீழ இருக்கிறவங்கல்லாம் மாச வாடகை. காண்டிராக்டர் பிடிச்சுப் போட்டிருக்காரு. ஒண்ணும் தொந்தரவு இருக்காது" என்றார்.

அத்தை நான்கு படி ஏறி, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. "கொஞ்சம் பொறுங்கள், ஏறிவிடுகிறேன்" என்று சொன்னாரேயன்றி எழவில்லை. தண்ணீர் கொடுத்தோம், முதுகைத் தடவினோம், திரும்பிச் சென்னைக்கே போய்விடலாமா என்றுகூட எங்களுக்குள் பேச்செழுந்தது.

அப்போது அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவன் வந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். இரண்டாண்டு இங்கே வேலை செய்து கற்ற தமிழில், "ஆயா மேலே போக வேணாம். எங்க ரூம்ல படுக்கட்டும். நாங்க மேலே போறோம்" என்றான். எங்களுக்கு என்ன சொல்வதென்று தோன்றவில்லை. எங்கள் தயக்கத்தை அவன் இடவசதி பற்றியதென்று எண்ணிக்கொண்டான் போலும். "நாலு கட்டில் இருக்கு. நாங்க ஆறு பேர். மூணு பேர் நைட் டூட்டி. காலி இருக்கு" என்று விளக்கினான்.

நான்கு கட்டிலில் ஆறு பேர் எவ்வாறு என்பதை மேலாளர்தான் பின்னர் எங்களுக்குச் சொன்னார். பகல் ஷிப்ட் ஆள் எழுந்து போனதும் இரவு ஷிப்ட் ஆள் வந்து அதே கட்டிலில் சாய்வான். விரிப்பை மட்டும் அவரவர் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். தொழிலூர்களில் இது புதிதன்றாம்.

அவ்வாறே பெண்கள் மூவரும் கீழறைக்குச் செல்ல, ஆடவர் அந்த இளைஞர்களோடு மாடிக்குச் செல்வதென்று முடிவாயிற்று. இளைஞர்கள் பத்தே நிமிடத்தில் அறையைப் பெருக்கித் துடைத்து, கொடியிலிருந்த வேலைச் சட்டைகளைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினர். இரும்புக் கட்டில்கள், மெலிந்த மெத்தைகள், ஒரு சிவப்பு வாளி, ஒரு மக், கரகரவென்று சுழலும் மின்விசிறி. சாளரத்தோரக் கட்டிலின் தலைமாட்டில் ஆணியில் ஒரு செபமாலை தொங்கியது. அதன் பக்கத்தில் திருஇருதய ஆண்டவர் படமும், இந்தி எழுத்துகளில் ஒரு பங்கின் நாட்காட்டியும்.

அத்தை அதை முதலில் பார்த்தார். "நம்ம பிள்ளைகளா?" என்றார்.

ஜார்க்கண்ட் மாநிலத்துச் சிம்டேகா பக்கத்துப் பிள்ளைகள். சோட்டா நாக்பூர் பழங்குடி மக்களிடையே 1885 முதல் உழைத்த பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அடிகளைப் பற்றி நம் வாசகர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். நிலத்தை இழந்துகொண்டிருந்த குடியானவர்களுக்காக நீதிமன்றம் வரை துணைநின்றவர் அவர். அந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் இவர்கள். இன்று அந்த நிலத்தின் விளைச்சல் குடும்பத்திற்குப் போதவில்லை. ஆகவே உருக்கு ஆலையில் நிற்கிறார்கள். ஞாயிறு விடுப்புக் கிடைத்தால் கோவிலுக்குப் போவதாகவும், தமிழ்ப் பூசையில் எந்த இடம் நடக்கிறதென்று தெரிந்துவிடும், பாட்டுத்தான் பிடிபடாதென்றும் அந்தத் தம்பி சொன்னான். எங்கள் பங்கிலும் கடைசி வரிசையில் இவ்வாறான இளைஞர்கள் சிலர் நிற்பது எங்கள் நினைவுக்கு வந்தது. அவர்களில் ஒருவரோடும் நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை.

படுக்குமுன் அத்தை வழக்கம்போல் செபமாலை தொடங்கினார். இரவு வேலைக்குப் புறப்பட்ட இன்னொருவன் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொள்ள வந்தவன், வாயிலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். அருள்நிறை மந்திரத்தின் பின்பாதியை அவன் தன் மொழியில் தாழ்ந்த குரலில் சொன்னான். ஒரு பத்துமணி முடிந்ததும் அத்தையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு விரைந்தான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதாம். சாளரத்தோரக் கட்டில் அவனுடையதே.

கொசுக்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இதழின் பக்கங்கள் போதா. இரவு முழுவதும் லாரிகள் அதிர்ந்தன. சரக்கு ரயில்கள் நெடுநேரம் ஓடின. இரண்டு முறை ஆலைச் சங்கு ஒலித்தது. பழவேற்காட்டு மணியோசைக்கு மாறாக எங்களுக்கு வாய்த்தது அதுவே. ஆயினும் அத்தை அயர்ந்து உறங்கினார். விடியற்காலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை நாங்களும் கைவிட்டு, உறங்குபவரை உறங்க விட்டோம்.

ஏழு மணிக்குக் கதவைத் திறந்தபோது, படிக்கட்டின் கீழ்ப்படியில் அவன் உட்கார்ந்திருந்தான். மஞ்சள் தலைக்கவசம் மடியில், தலை சுவரில் சாய்ந்திருந்தது, முகமெல்லாம் கரித்தூள். ஆறு மணிக்கே வந்துவிட்டானாம். "தட்டட்டுமான்னு கேட்டேன் சார். ஆயா எழுந்துக்கட்டும்னுட்டான்" என்றார் மேலாளர். அத்தை எங்கள்மீது கொண்ட கோபத்தை இன்னும் நாங்கள் மறக்கவில்லை. "இரவெல்லாம் நெருப்பண்டை நின்ற பிள்ளையை வாசலில் உட்கார வைத்துவிட்டு எனக்குத் தூக்கமா? எழுப்பக்கூடாதா?" என்று கடிந்தவாறே தம் கையாலேயே கட்டிலை உதறி விரித்தார். அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் படுத்தான்.

மாடியறையில் பைகளை வைத்துவிட்டு, மீண்டும் பொன்னேரிக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காட்டை அடைந்தபோது மணி பத்தரை. ஆக, அத்தை இம்முறையும் பகலில்தான் பார்த்தார்.

மகிமை மாதாவின் திருமுன் நெடுநேரம் முழந்தாளிட இயலாமல் பெஞ்சில் அமர்ந்தே செபித்தார். அவர் திருமுழுக்குப் பெற்ற நாளைய கோவில் அன்று. இன்றுள்ளது புதிய கட்டடம். "மாதா அதே மாதாதானே" என்றார். சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தில் இத்துணைப் பழைமை கூறும் இத்தலத்திற்கு, மயிலைக்கும் பரங்கிமலைக்கும் செல்லும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கேனும் வருமா என்பது ஐயமே.

கோட்டையைத் தேடிப் போனால் முட்புதர்தான் வரவேற்கும். 1800-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளினர்; மேடும் அகழியின் தடமும் எஞ்சியுள்ளன. அதற்கு நேர்மாறாக டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் காப்பில் செம்மையாக இருக்கிறது. நுழைவாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்க, மகள் சற்றுத் தயங்கியே உள்ளே வந்தாள். பதினேழாம் நூற்றாண்டின் வணிகர், அதிகாரிகள், அவர்தம் மனைவி மக்கள். குலச்சின்னங்களும் டச்சு மொழி வாசகங்களும் பொறித்த பெரும்பெரும் கற்பலகைகளின்கீழ்த் துயில்கின்றனர். "இந்த ஊரில் நிம்மதியாகத் தங்க இடம் கிடைத்தவர்கள் இவர்கள்தாம்" என்று அத்தை சொன்னபோது எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இந்தக் கற்பலகைக்காரர்கள் இங்கிருந்து ஏற்றுமதி செய்தவற்றில் புகழ்பெற்றது துணி. மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்குப் 'பெலிக்காட்' என்றே பெயர். அது பழவேற்காட்டின் பெயரே. ஆனால் கப்பல்களில் துணி மட்டும் போகவில்லை. பஞ்சக் காலங்களில் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்கத் துணிந்த ஏழைகளை விலைகொடுத்து வாங்கி, பத்தாவியா முதலிய தீவுகளுக்கு ஆயிரக்கணக்கில் அடிமைகளாக அனுப்பியதும் இதே துறையிலிருந்துதான். அவர்களில் எவருக்கும் இங்கே கல் கிடையாது. முந்தின இரவு கண்ட நான்கு கட்டில்கள் எங்கள் நினைவில் வந்தன. அந்த இளைஞர்கள் அடிமைகளல்லர். கூலி பெறுபவர்கள், வேண்டும்போது ஊருக்குப் போகக்கூடியவர்கள். ஆயினும் நினைவு வந்ததென்னவோ உண்மை.

ஏரிக்கரையில் நடுப்பகலைக் கழித்தோம். ஒரிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தொலைவில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாய் நின்றன. படகில் ஏற மகள் ஆசைப்பட்டாள், நாங்கள் மறுத்துவிட்டோம். 2011 ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். உல்லாசப் படகுச் சவாரிக்கு அதன்பின் தடை விதிக்கப்பட்டது. யாரேனும் கரையில் நின்று அழைத்தாலும் குழந்தைகளோடு ஏறாதீர்கள்.

போக விரும்பும் குடும்பங்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறோம். பறவைகளைக் காணக் குளிர்காலமே ஏற்றது. பொன்னேரியில் தங்குவதானால் பஞ்சாங்கத்தைப் பார்த்து, முகூர்த்தமில்லாத நாளில் முன்கூட்டியே அறை சொல்லி வையுங்கள். முதியவர் உடன்வந்தால் தரைத்தள அறைதானா என்று கேட்டபின்பே முன்பணம் கொடுங்கள். ஒரு விரிப்பு, கொசுவர்த்திச் சுருள், சொந்தப் பூட்டு ஆகியவை கையோடிருப்பது நலம்.

பழவேற்காட்டு இசுலாமியப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகள் பெயர்பெற்றவை. அத்தை நெடுநேரம் தேர்ந்து, மூடியோடு கூடிய ஒன்றை வாங்கினார். திருத்தலத்தில் வாங்கிய மகிமை மாதா படத்தையும், பொன்னேரிப் பேருந்து நிலையத்தில் வாங்கிய முறுக்குப் பொட்டலத்தையும் அதற்குள் வைத்தார்.

பைகளை எடுத்துக்கொள்ள விடுதிக்குத் திரும்பியபோது மாலை நான்கு மணி. கீழறைக் கதவு சாத்தியிருந்தது. மீண்டும் இரவு வேலைக்குப் போக வேண்டியவர்களை எழுப்புவதற்கு அத்தை இசையவில்லை. பெட்டியை மேலாளரிடம் கொடுத்தோம். அவர் ஒரு துண்டுத்தாளையும் பேனாவையும் எடுத்து, "யாருக்குன்னு எழுதட்டும்?" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"மூன்றாம் நம்பர் அறை, ஜன்னலோரக் கட்டில் என்று எழுதுங்கள் தம்பி" என்றார் அத்தை. எழுதியதை வாங்கி ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியின்மேல் தாமே செருகினார்.